அடைமழைக்குக் கேட்க: விருத்தாசலத்துக் கிட்டார்த் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஐப்பசி மழையில் கேட்க, புதிதாக வந்த ஹெவி மெட்டல், அதன் மெதுவான கிளையான டூம் ஆல்பங்கள் நாலைந்து சொல்லச் சொல்லி எழுதியிருந்தாய். பகலெல்லாம் செராமிக் யூனிட்டில் அச்சு வேலை, கார்த்திகைக்குள் அகல் விளக்கு ஆர்டரை முடித்தாக வேண்டும், ராத்திரியில்தான் கிட்டார் என்றும் எழுதியிருந்தாய். அப்படியானால் பட்டியல் நீளமாக இருந்து பயனில்லை.

மேல்நாட்டில் செப்டம்பர் பிறந்ததும் இலையுதிர் காலத்துக்கென்றே கனத்த இசையாகத் தேடித் தொகுத்துப் போடுவார்கள். நம் பக்கம் இலை உதிர்வது மாசி பங்குனியில். அந்த வெயிலில் டூம் கேட்பது தண்டனை. வடகிழக்குப் பருவமழை பிடித்து, மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்து, மூன்று நாளாகச் சூரியனைக் காணாத போதுதான் இந்த இசைக்கு நம் ஊரில் நேரம் வருகிறது.

முதலில் பாரடைஸ் லாஸ்டின் 'அசென்ஷன்'. 2025 செப்டம்பரில் வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்கிற பழைய நெசவாலை ஊரில் 1988இல் தொடங்கிய குழு. நிக் ஹோம்ஸ் உறுமிக்கொண்டே வந்து, அடுத்த வரியைத் தெளிந்த குரலில் பாடுவார். நீ அவரை விட்டுவிட்டு கிரெகர் மேக்கின்டாஷின் கிட்டாரைப் பின்தொடர். மெதுவான இடங்களில் ஒரு சுரத்தை வளைத்து நிறுத்தி, அது தேய்ந்து முடிவதற்குப் பொறுத்திருந்துதான் அடுத்ததற்குப் போகிறார். அதே யார்க்‌ஷயர் பக்கத்து மை டையிங் பிரைடின் 'எ மார்ட்டல் பைண்டிங்' 2024இல் வந்தது. அதில் வயலின் உண்டு. நம் கச்சேரிக் காதோடு கமகம் தேடிப் போனால் ஏமாந்துபோவாய். கிட்டார் இரைச்சலுக்கு மேலே ஒற்றைக் கோடாக ஓடுகிற வயலின் அது.

இத்தாலியின் மெஸ்ஸா 2025 ஏப்ரலில் 'தி ஸ்பின்' வெளியிட்டார்கள். சாரா என்கிற பாடகியின் குரலுக்காகவே கேட்கலாம். டூம் என்றால் ஆண்கள் அடித்தொண்டையில் உறுமுவது என்று நினைக்கிற உன் நண்பர்களுக்கும் போட்டுக் காட்டு. சுத்தமான ஹெவி மெட்டல் வேண்டும் என்றால் ஜூடாஸ் பிரீஸ்டின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' இருக்கிறது. அது வந்த 2024 மார்ச்சில் ராப் ஹால்ஃபோர்டுக்கு வயது 72. அந்த வயதில் அந்த உச்ச சுருதி! பொறாமைப்பட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ.

ஒன்றே ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் பால்பேரரின் 'மைண்ட் பர்ன்ஸ் அலைவ்'. அமெரிக்காவின் ஆர்கன்சாவிலிருந்து 2024 மே மாதம் வந்தது. அவர்களுடைய பழைய ஆல்பங்களைவிட இதில் இரைச்சல் குறைவு; அதற்காகவே சில ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. எந்த இடத்தில் கிட்டாரை வாசிக்காமல் விடுவது என்று கற்றுக்கொள்ள, இன்றைக்கு உனக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

புதிதைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஊற்று எங்கே என்று தெரியாமல் புதிதைக் கேட்டால் பாதிதான் பிடிபடும். உன்னைப் போன்ற ஒரு தொழிற்சாலைப் பையனிடமிருந்துதான் இது தொடங்கியது. பர்மிங்ஹாமில் டோனி ஐயோமி தகடு அடிக்கிற ஆலையில் வேலை பார்த்தார். 1965, வயது 17. கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள். வராத ஆளுக்குப் பதிலாக அழுத்து இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நுனி போயிற்று. அவர் இடதுகைக்காரர், அதாவது தந்தியை அழுத்துகிற கையே அதுதான். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ரைன்ஹார்ட் 1928இல் நடந்த தீவிபத்துக்குப் பிறகு இரண்டு விரலை வைத்துக்கொண்டே உலகம் வியக்க வாசித்தவர். ஐயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்குக் குப்பி செய்தார், மேலே பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினார், மெல்லிய தந்தி கிடைக்காமல் பாஞ்சோ தந்தியைப் போட்டுப் பார்த்தார். அவருடைய பிளாக் சாபத் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' 1971இல் வந்தது; அதில் பல பாட்டுகளுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலி கனத்தது. இன்றைக்கு நீ கேட்கிற டூம் முழுவதும் அந்தத் தளர்ந்த தந்தியிலிருந்து வந்ததுதான்.

பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. பெரும்பாலும் ஒரே நாளில் பதிவானது. பாடிய ஆஸி ஆஸ்பார்ன் அதற்கு முன்பு இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 2025 ஜூலை 5ஆம் தேதி அதே பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகப் பாடினார். 22ஆம் தேதி இறந்துபோனார்.

சாபத்தின் அந்த முதல் ஆல்பத்தில் முதல் பாட்டின் முக்கிய ரிஃப்பில் மூன்றே சுரம்: கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். கடைசிச் சுரத்தை ஐயோமி கொஞ்சம் நடுங்க விடுவார். மேல்நாட்டார் அந்த இடைவெளியைப் பேயோடு சேர்த்துப் பேசுவார்கள். நமக்கு அதில் பேய் ஒன்றுமில்லை. 72 மேளகர்த்தாவில் சரிபாதி பிரதி மத்தியமம்தானே. கல்யாணியில் மங்களமாக நிற்கிற சுரம், பஞ்சமத்தை எடுத்துவிட்டு வெறும் சட்ஜத்துக்கு எதிரே தனியாக நிறுத்தினால் வயிற்றைப் பிசைகிறது. சுபபந்துவராளியைப் பழமலைநாதர் கோயிலில் எப்போதாவது நாதஸ்வரத்தில் கேட்டிருந்தால் உனக்கு இது புரியும். கிட்டாரில் தேடுவதற்கு முன் அந்த மூன்று சுரத்தை வாயால் பாடிப் பார்.

உன் விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, அதனால் சுருதியை இறக்கும்போது தந்தியைத் தடியாக்கு. 9ஆம் அளவுத் தந்தியை அப்படியே மூன்று அரைச்சுரம் இறக்கினால் கொடிக்கயிறாகத் தொங்கும். 11 அல்லது 12 போடு. ஃபஸ் பெடலை முழுதாகத் திருப்பி வைக்காதே. இரைச்சல் கூடக்கூட ஒரு கார்டுக்குள் இருக்கிற சுரங்கள் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

உன் டிரம்ஸ் நண்பனுக்கு ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 50 அடியில் வாசிப்பது 150இல் வாசிப்பதைவிடக் கடினம். வேகத்தில் பிசகினால் யாருக்கும் தெரியாது. இதில் அடிக்கும் அடிக்கும் நடுவே தெருவே கேட்கிறது. விளம்ப காலத்தில் தனி வாசிக்கிற மிருதங்கக்காரர்கள் அந்த வெற்றிடத்தை உள்ளுக்குள் எப்படி எண்ணுகிறார்கள் என்று அவனைப் போய்ப் பார்க்கச் சொல். மழைக்காலத்தில் அச்சிலிருந்து எடுத்த பொம்மை காய நாளாகிறது என்று அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றினால் உள்ளே வெடிக்கும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை; உங்கள் ரிஃப்பும் பல நேரம் அப்படித்தான் உடைகிறது. பொறுமைக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பெல் விட்ச்சின் 'மிரர் ரீப்பர்' (2017). கிட்டாரே கிடையாது, பேஸும் டிரம்ஸும்தான் பிரதானம். ஒரே பாட்டு, 83 நிமிடம். விருத்தாசலத்தில் திருச்சி ரயிலேறும்போது போட்டால் அரியலூர் தாண்டியும் முடியாது.

நம் நாட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. பெங்களூரின் பெவார் சீ 2012இலேயே முதல் ஆல்பம் போட்டுவிட்டார்கள். அதே ஊரின் ஜின் அண்ட் மிஸ்கடானிக்கும் டூம்தான். மும்பையின் டர்ஜ் 2018இல் 'ஆ புச்' என்று மாயன் மரண தெய்வத்தின் பெயரில் ஓர் ஆல்பமே செய்தார்கள். நல்ல ஆல்பம். ஆனால் மெக்சிகோ வரை போய்த்தான் ஒரு சாவுத் தெய்வத்தைக் கொண்டுவர வேண்டுமா என்று எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ் தெய்யத்தை மெட்டலுக்குள் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா வேதாந்தத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் டூம் இல்லை என்றாலும் கேட்டு வை.

நீ பாட்டை ஆங்கிலத்தில் எழுதுவதாகச் சொன்னாய். தமிழில் எழுது. அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு மெதுவான காலத்தில் குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும். 'கல்' என்று நாலு அடிக்கு நீட்டினால் கேட்கிறவனுக்குக் 'கால்'தான் விழும். 'விடு' 'வீடு' ஆகும். ஆகவே நீண்ட சுரத்தில் நெடிலை வை. குறில்தான் வேண்டுமென்றால் உயிரை உடனே முடித்து, பின்னால் வருகிற ம், ன், ல் மேல் நின்றுகொள். நம் பக்கத்து ஒப்பாரிப் பாட்டிகளைக் கவனித்துக் கேள், சொல்லைச் சிதைக்காமல் எங்கே இழுக்கிறார்கள் என்று தெரியும்.

எதைப் பாடுவது என்று தெரியாவிட்டால் நெடுநல்வாடையை ஒருமுறை உரையோடு படி. 188 அடி. நின்றபாடில்லாத மழை, நடுங்குகிற கோவலர், பயனின்றிக் கிடக்கிற விசிறி, அரண்மனைக்குள் தூங்காத அரசி. போர்ப்பாசறையில் இருக்கிற அரசன் கடைசியில்தான் வருகிறான். குளிரை விட்டு அவசரமாகக் கதைக்குப் போகவே இல்லை நக்கீரர். அதைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, பெரியவன் என்கிற உரிமையில். காது திரும்ப வராது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பகலில் களிமண் அரைக்கிற பால் மில் பக்கத்தில் நிற்கிறவன் நீ. அந்தக் கணக்கு காலையிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சேர்க்கிற காசில் முதலில் காதடைப்பான் வாங்கு. குவார்ட்ஸ் தூள் பறக்கிற இடத்தில் மாஸ்க் போடாமல் நின்றுவிட்டு ராத்திரி உறுமிப் பாடுகிற வேலையும் வேண்டாம். நுரையீரல் கெட்டபின் எந்தச் சுருதியிலும் பாட முடியாது.

அகல் விளக்கு ஆர்டர் முடிந்ததும் நீயும் நண்பர்களும் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள், போனிலேயே போதும். எனக்கு முழுப் பாட்டையும் அனுப்ப வேண்டாம். முதலில் டிரம்ஸை மட்டும் அனுப்பு. அது நின்றால் மற்றதைப் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்