சுவரைப் படிப்போம்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். சுவரில் எத்தனை எழுத்து! கன்னடத்தில் ஒரு வரி. தமிழில் ஒரு வரி. பக்கத்திலேயே இங்கிலீஷ். புதிதாகப் படிக்கப் பழகியவர்களுக்குச் சுவரைப் போல நல்ல புத்தகம் கிடையாது. எழுத்து பெரியது. காசும் கேட்காது.

முன்பு இவற்றை எல்லாம் பெயிண்டர்கள்தான் கையால் எழுதினார்கள். கடைப் பலகை, சினிமா பேனர், தேர்தல் சின்னம் எல்லாமே அவர்கள் வேலை. முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒரு நூலில் நீலப்பொடி தடவுவார்கள். இரண்டு பேர் இரு முனையையும் இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் எழுத்து உட்காரும்.

பெரிய முகம் வரைவது எப்படி? சிறிய போட்டோவின் மேல் கட்டம் போடுவார்கள். சுவரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார்கள். போட்டோவில் ஒரு கட்டத்தில் உள்ள மூக்கு, சுவரிலும் அதே கட்டத்தில் வரும். முகம் கோணாமல் பெரிதாகும். பள்ளிக்கூடம் போகாத பெயிண்டர்களும் இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பரவியது. பல நாள் வேலையை இயந்திரம் சிறிது நேரத்தில் முடித்துவிட்டது. பலருக்குத் தொழில் போனது. சிலர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள்.

2009-இல் அன்றைய பெங்களூர் மாநகராட்சி ஒரு வேலை செய்தது. போஸ்டர் ஒட்டுவதையும் அசுத்தம் செய்வதையும் தடுக்க, பொதுச் சுவர்களில் படம் வரையச் சொன்னது. பேனர் எழுதிய பெயிண்டர்களுக்குத் திரும்பவும் வேலை கிடைத்தது. கோயில், அரண்மனை, காட்டு விலங்கு என்று படங்கள் வந்தன. பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் படத்தில் இல்லை. 2018 ஆகஸ்டில், உயர்நீதிமன்றம் கண்டித்த பிறகு, நகரில் ஃப்ளெக்ஸுக்கு மாநகராட்சி தடை போட்டது.

படம் அழகுக்கு மட்டும்தானா? 2015-இல் சுல்தான்பாளையத்தில் சாலையில் பெரிய குழி விழுந்து கிடந்தது. ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி அந்தக் குழித் தண்ணீரில் ஒரு பொம்மை முதலையைக் கொண்டுவந்து விட்டார். ஜனங்கள் கூடினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. குழி மூடப்பட்டது. 2019-இல் வேறொரு சாலையில், நிலவில் நடக்கும் வீரரைப் போல உடை போட்ட ஒருவரைக் குழிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, அதைப் படம் எடுத்துக் காட்டினார். அங்கும் உடனே வேலை தொடங்கியது. மனு எழுதுவதும் வேண்டும்தான். ஆனால் மனுவை ஒரு அதிகாரி படிப்பார். முதலையை ஊரே பார்த்தது!

ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் ஏறி நாலாவது நிலையத்தில் இறங்கினால் கே.ஆர். மார்க்கெட். அந்தப் பகுதியில் 2016-இல் திருநங்கைகள் சேர்ந்து ஒரு சுவரில் ஓவியம் வரைந்தார்கள். 'அரவாணி ஆர்ட் புராஜெக்ட்' என்ற குழு இதை நடத்தியது. "நாங்கள் இருக்கிறோம்" என்ற பொருளில் கன்னடத்தில் எழுதினார்கள். தெருவில் பலர் முகம் திருப்பிக்கொண்டு போன மனிதர்கள், அதே தெருவில் ஏணி போட்டு நின்று வேலை செய்தார்கள். மாநகராட்சி வரைந்த புலியை விட இந்தச் சுவர் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்நாடகத்தில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் சட்டம் அது. எழுத்து மூலம் அனுமதி வாங்காமல், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் விளம்பரம் எழுதுவதும் ஒட்டுவதும் குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கலாம். தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்:

நாளை உங்கள் தெருச் சுவரில் உள்ள ஐந்து வரிகளை நோட்டில் எழுதி வாருங்கள். யார் எழுதியது? யாருக்காக எழுதியது? எழுதக் கூடாத சுவரில் எழுதியது எது? வகுப்பில் பேசுங்கள். பிறகு, உங்கள் தெருவுக்கு இப்போது என்ன வேண்டும் என்பதை நாலு சொல்லில் எழுதுங்கள். தண்ணீரா, விளக்கா, சாக்கடை மூடியா? பக்கத்தில் ஒரு படமும் போடுங்கள்.