வகுக்க முடியாத இடத்தில் கணக்கு: எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ரிங், மாட்யூல் பாடம்

கல்வி உதவித்தொகைக்காக மதிப்பெண் பட்டியலுடன் நம் அலுவலகத்துக்கு வரும் எம்.எஸ்சி. கணித மாணவ மாணவியரிடம் ஒரு பொதுவான குறை தெரிகிறது. மற்றத் தாள்கள் ஓரளவு வந்துவிடுகின்றன. அல்ஜீப்ரா தாள் மட்டும் இழுக்கிறது. அதிலும் குரூப் வரை சமாளித்தவர்கள் ரிங் வந்ததும் தடுமாறுகிறார்கள், மாட்யூல் வந்ததும் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். "மாட்யூல்னா வெக்டர் ஸ்பேஸ் மாதிரிதான் சார், ஃபீல்டுக்குப் பதிலா ரிங், அவ்வளவுதான்" என்று ஒரு மாணவி சொன்னார். டெஃபினிஷன் சரிதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லுக்குள்ளேதான் முழுப் பாடமும் இருக்கிறது.

இதை இந்த இதழில் எழுதக் காரணம் உண்டு. ரிங், ஐடியல் எல்லாம் நெட் தேர்வுப் பாடத்திட்டத்தில் இருப்பவை. மாட்யூல் அதில் இல்லாவிட்டாலும், ஆராய்ச்சிக்குப் போகிறவர் அதைத் தாண்டாமல் போக முடியாது. இதைவிடப் பெரிய காரணம், வீட்டில் முதல் ஆளாக முதுகலை வரை வந்த ஒரு பெண்பிள்ளை "எனக்கு இது வராது" என்று தானே தீர்மானித்துவிட்டால், அதற்குப் பிறகு அவரைப் படி என்று சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை.

கல்லூரியில் கேட்கும் சொற்களையே இங்கே பயன்படுத்துகிறேன். தமிழில் ரிங்குக்கு வளையம் என்றும் ஃபீல்டுக்குக் களம் என்றும் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆனால் தேர்வு எழுதப்போவது ஆங்கிலத்தில். இரண்டு பெயர்களை ஒரே நேரத்தில் சுமக்க வேண்டாம்.

ரிங் என்றால் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம் என்ற உறுதி உள்ள ஓர் இடம். வகுக்கலாம் என்ற உறுதி அங்கே கிடையாது. முழுக்கள், அதாவது மைனஸ் எண்களும் பூஜ்ஜியமும் சேர்ந்த எண்கள், இதற்கு முதல் உதாரணம். 7ஐ 2ஆல் வகுத்தால் விடை அந்த இடத்துக்குள் இல்லை. எல்லா எண்ணாலும் (பூஜ்ஜியம் தவிர) வகுக்க முடிகிற இடம் ஃபீல்டு. பின்னங்கள் அப்படிப்பட்டவை.

வகுக்க முடியாமல் போனால் என்ன கெட்டுப்போகிறது என்பதைச் சுவர்க் கடிகாரத்தில் பாருங்கள். 12 மணியைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 3ஐ 4ஆல் பெருக்கினால் 12, அதாவது பூஜ்ஜியம். இரண்டு எண்களும் பூஜ்ஜியம் அல்ல, பெருக்கினால் பூஜ்ஜியம். இன்னொன்று: 3ஐ 5ஆல் பெருக்கினால் 15, அதாவது மறுபடி 3. 3ஐ 1ஆல் பெருக்கினாலும் 3. ஆகவே இரு பக்கமும் உள்ள 3ஐ அடித்துவிட்டு 5ம் 1ம் சமம் என்று எழுத முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நாம் யோசிக்காமல் செய்துவரும் அந்த "அடித்துவிடுதல்" இங்கே செல்லாது. இதே 3ஐயும் 5ஐயும் வாரத்தின் 7 நாள் கணக்கில் பெருக்குங்கள். 15இல் 14 போக 1. அதாவது அங்கே 3க்குத் தலைகீழ் எண் 5. 7 பகா எண் என்பதால் வாரக் கணக்கு ஃபீல்டு. 12 அப்படி இல்லாததால் கடிகாரம் வெறும் ரிங்.

இனி மாட்யூல். தங்களுக்குள் கூட்டிக் கழிக்கக்கூடிய பொருள்கள் சில. அவற்றை ஒரு ரிங்கின் எண்களால் மடங்காக்கலாம். அதுதான் மாட்யூல். மடங்காக்கும் எண்கள் ஃபீல்டிலிருந்து வந்தால் அதற்கே வெக்டர் ஸ்பேஸ் என்று பெயர். இதற்கு ஓர் உதாரணத்தை ஃபராயிள் பாடத்திலிருந்து எடுக்கிறேன். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழகிய கணக்கு; ஓதாதவர்களும் வீட்டில் சொத்துப் பிரிக்கும்போது பார்த்திருப்பீர்கள்.

ஒருவர் மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் ஆகியோரை விட்டுவிட்டு இறக்கிறார். கடனும் வஸிய்யத்தும் போக மீதியில் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, தந்தைக்கு 1/6, மிச்சம் மகனுக்கு. ஹஜ்ரத்மார்கள் இதைப் பின்னமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூலக்கணக்கை 24 என்று போட்டு, 3, 4, 4, 13 என்று பங்கு எழுதிவிடுவார்கள்.

இப்போது 1/8, 1/6 என்ற இரண்டு பங்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை முழுக்களால் மடங்காக்கி, கூட்டியும் கழித்தும் கிடைக்கிற எல்லா அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். அது முழுக்களின் மேல் ஒரு மாட்யூல். இதில் 1/6ஐ விட்டுவிட முடியுமா? முடியாது, 3/24இன் மடங்குகளில் 4/24 வராது. 1/8ஐ விடலாமா? அதுவும் முடியாது, 4/24இன் மடங்குகளில் 3/24 வராது. இரண்டும் தேவை, ஒன்றையும் கழிக்க முடியாது. வெக்டர் ஸ்பேஸாக இருந்தால் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்து "இதுதான் பேஸிஸ், டைமென்ஷன் 2" என்று எழுதிவிடலாம்.

ஆனால் 1/6இலிருந்து 1/8ஐக் கழித்தால் 1/24. அந்த ஒன்றே போதும். அதன் 3 மடங்கு மனைவியின் பங்கு, 4 மடங்கு தாயின் பங்கு. ஆக, ஒன்றைக்கூட விட முடியாத இரண்டு ஜெனரேட்டர்களும், தனியாக நின்று முழுவதையும் உண்டாக்கும் ஒரே ஜெனரேட்டரும் ஒரே மாட்யூலில் இருக்கின்றன. வெக்டர் ஸ்பேஸில் இப்படி நடக்கவே நடக்காது.

எங்கே பிசகியது என்று தேடுங்கள். 1/8இன் 4 மடங்கும் 1/6இன் 3 மடங்கும் ஒன்றே, இரண்டும் பாதி. ஆகவே இவை லீனியர்லி டிபென்டென்ட். வெக்டர் ஸ்பேஸில் டிபென்டென்ட் என்றால் ஒன்றை மற்றதால் எழுதிவிடலாம் என்று நிரூபித்தோமே, அந்த நிரூபணத்தில் ஒரு வரி வரும்: "முன்னால் நிற்கும் எண்ணால் வகுக்க". இங்கே 4ஆல் வகுக்க அனுமதி இல்லை. நிரூபணம் அந்த ஒரு வரியில் அறுந்துவிடுகிறது. லீனியர் அல்ஜீப்ராவில் நீங்கள் படித்த ஒவ்வொரு தேற்றத்தையும் எடுத்து, வகுத்த இடம் எது என்று சிவப்பு மையில் கோடு போட்டுப் பாருங்கள். மாட்யூல் பாடத்தில் எது நிற்கும், எது விழும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மனப்பாடம் செய்கிறவருக்கு இந்தச் சிவப்புக் கோடு கிடைக்காது.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. வாரத்தின் 7 நாள் கணக்கையே முழுக்களின் மேல் மாட்யூலாகப் பாருங்கள். எந்த நாளை எடுத்து 7 மடங்காக்கினாலும் பூஜ்ஜியம். ஆகவே அங்கே தனியாக ஒரு உறுப்புகூட இன்டிபென்டென்ட் இல்லை. பேஸிஸ் என்ற பேச்சே இல்லை. பேஸிஸ் உள்ள மாட்யூல்களுக்கு மட்டும் ஃப்ரீ மாட்யூல் என்று தனிப் பெயர் வைத்தது இதனால்தான்.

ஐடியல் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ரிங்கை அதன் மேலேயே மாட்யூலாகப் பாருங்கள்; அதன் சப்மாட்யூல்கள்தான் ஐடியல்கள். (பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாத ரிங்குகளைத்தான் இங்கே பேசுகிறேன்.) நம் பகுதி மாணவர்கள் பலர் கையில் வைத்திருக்கும் ஹெர்ஸ்டீனின் டாபிக்ஸ் இன் அல்ஜீப்ரா நூலில் ரிங் மூன்றாம் அத்தியாயம், மாட்யூல் நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி. நடுவில் வெக்டர் ஸ்பேஸ் வந்து நிற்பதால், இரண்டும் ஒரே குடும்பம் என்பது மாணவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அருமையான புத்தகம்தான், மாட்யூலுக்கு அவர் இன்னும் இருபது பக்கம் ஒதுக்கியிருக்கலாம். அதற்கு டம்மிட், ஃபூட் எழுதிய புத்தகத்தின் பத்தாவது, பன்னிரண்டாவது அத்தியாயங்களைப் பாருங்கள்.

ஹெர்ஸ்டீனின் அந்தச் சிறு பகுதியிலும் ஒரு பெரிய தேற்றம் இருக்கிறது. யூக்ளிடியன் ரிங்கின் மேல், எண்ணி முடிகிற ஜெனரேட்டர்களைக் கொண்ட மாட்யூல் எதுவானாலும், ஒரே ஜெனரேட்டர் உள்ள துண்டுகளாகப் பிரிந்துவிடும். முழுக்களின் மேல் மாட்யூல் என்பதும் அபீலியன் குரூப் என்பதும் ஒன்றே. ஆகவே 72 உறுப்புகள் கொண்ட அபீலியன் குரூப்கள் எத்தனை வகை என்ற கேள்விக்கு 6 என்ற விடை இந்தத் தேற்றத்திலிருந்து வந்துவிடும். இனி முழுக்களை எடுத்துவிட்டு, எக்ஸ் என்ற ஒரே மாறி உள்ள பல்லுறுப்புக் கோவைகளை ரிங்காக வையுங்கள். ஒரு மேட்ரிக்ஸை எடுத்து, "எக்ஸ் மடங்கு" என்றால் அந்த மேட்ரிக்ஸால் பெருக்குவது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அப்போது உங்கள் வெக்டர் ஸ்பேஸ் ஒரு மாட்யூல் ஆகிவிடுகிறது. அதே தேற்றம் ஜோர்டன் ஃபார்மைக் கையில் கொடுத்துவிடுகிறது. தனித்தனியாக மனப்பாடம் செய்த இரண்டு பாடங்கள் ஒரே பாடமாகிவிடும்.

இந்தப் பாடம் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது என்று நினைக்கிறவர்களுக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். அங்கே சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதம் கற்பித்து, திறமையுள்ள மாணவர்களைப் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போகும்படி தூண்டிவந்தார். சேஷாத்ரியும் 1953இல் அங்கே சேர்ந்தார்.

அவர் தீர்த்த கேள்வி நாம் இதுவரை பேசியதிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் இருக்கிறது. ஒரு ஃப்ரீ மாட்யூலை இரண்டாகப் பிரித்தால் கிடைக்கும் துண்டுக்கு ப்ரொஜெக்டிவ் மாட்யூல் என்று பெயர். முழுதுக்குப் பேஸிஸ் இருக்கிறது. துண்டுக்கும் பேஸிஸ் இருக்குமா? இருக்க வேண்டியதில்லை. 6 மணிக் கடிகாரம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதை அதன் மேலேயே மாட்யூலாகப் பார்த்தால் ஃப்ரீ. அது 2 உறுப்புத் துண்டாகவும் 3 உறுப்புத் துண்டாகவும் பிரியும். 2 உறுப்புத் துண்டுக்கு அந்த ரிங்கின் மேல் பேஸிஸ் இருக்க முடியாது. ஏனென்றால் பேஸிஸில் ஒரே ஒரு உறுப்பு இருந்தாலும் மொத்தம் 6 உறுப்புகள் வந்தாக வேண்டும்.

ஃபீல்டிலிருந்து கெழுக்களை எடுத்த பல்லுறுப்புக் கோவைகளின் ரிங்கில் எப்படி என்று பிரெஞ்சுக் கணிதர் ழான் பியேர் செர் 1955இல் கேட்டார். ஒரு மாறி என்றால் கேள்வி எளிது. மேலே சொன்ன பிரிப்புத் தேற்றமே போதும். இரண்டு மாறி வந்ததும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. எக்ஸ், ஒய் இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் ஐடியலுக்கு ஒற்றை ஜெனரேட்டர் கிடையாது. 1/8க்கும் 1/6க்கும் 1/24 கிடைத்ததுபோல இங்கே கிடைக்காது. இந்த இரண்டு மாறிக் கேள்விக்கு, ப்ரொஜெக்டிவ் துண்டு எதுவானாலும் அது ஃப்ரீதான் என்று 1958இல் நிரூபித்தவர் சேஷாத்ரி. அப்போது அவருக்கு வயது 26. எத்தனை மாறியானாலும் அப்படியே என்பதை 1976இல் அமெரிக்காவின் குயிலனும் ரஷ்யாவின் சுஸ்லினும் தனித்தனியாக நிரூபித்தார்கள். நடுவில் 18 ஆண்டுகள். இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம் 1989இல் சேஷாத்ரி தொடங்கியதுதான். அவர் 2020இல் காலமானார். அங்கே எம்.எஸ்சி. சேர்க்கை நுழைவுத் தேர்வு வழியாக, பி.எஸ்சி. முடிக்கப்போகிறவர்கள் விசாரித்து வையுங்கள்.

பெண்பிள்ளைகளுக்காக இன்னொரு பெயர், எம்மி நோதர். ரிங்குகளில் ஐடியல் பற்றி 1921இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய வகுப்பறைப் பாடத்தின் உருவமே வருகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆரம்ப வருடங்களில் அவருக்குச் சம்பளம் இல்லை. பெண் என்பதால் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை அவர் எடுத்தார்.

அல்ஜீப்ரா என்ற பெயரே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மியின் நூலிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். உண்மைதான். அந்த நூலில் பெரிய ஒரு பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட அந்தக் கணக்கில் ஒன்றைக் கையால் போட்டுப் பார்ப்பது மாணவருக்குப் பிரயோஜனம்.

எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய யோசனை இல்லை. ஒரு டெஃபினிஷன் வந்தால், அது பொருந்துகிற உதாரணம் இரண்டும் பொருந்தாத உதாரணம் ஒன்றும் நோட்டில் எழுதாமல் அடுத்த பக்கம் திருப்பாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் நிரூபிக்க மற்றவர் "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம் நடக்கிறது; 1993 முதல் நடந்துவரும் முகாம், இளங்கலை மாணவர்களும் போகலாம். பிள்ளையை வெளியூர் முகாமுக்கு அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோர் அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இப்போதைக்கு ஒரு கணக்கு. 12 மணிக் கடிகாரத்தை விட்டுவிட்டு, ஃபராயிளின் 24ஐயே கடிகாரமாக வையுங்கள். அது 3 உறுப்புத் துண்டாகவும் 8 உறுப்புத் துண்டாகவும் பிரியும். 4, 6 என்று பிரியாது. 4ஐயும் 6ஐயும் பெருக்கினாலும் 24தானே, ஏன் பிரியாது? விடையை ஒரு பக்கத்துக்குள் எழுதி, வரும் மாதம் 10ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் கொடுங்கள்.