தவ்பா செய்தவனுக்கு வீடு

கஞ்சா வழக்கில் தண்டனை முடிந்து வேலூர் மத்தியச் சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவனுக்கு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு கூலி வேலையாவது கிடைத்துவிடலாம். வாடகைக்கு வீடு கிடைப்பதுதான் கடினம். பழைய செய்தி வீட்டுக்காரர் காதுக்கு எட்டியதும் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வந்துவிடும். மனைவி மக்களோடு அவன் எங்கே போவான்? பழைய கூட்டாளிகள் இருக்கும் சந்துக்குத்தான் போவான். இதில் நம் பொறுப்பு என்ன?

முன் சமுதாயத்தில் நூறு கொலை செய்த ஒருவர் தவ்பா செய்ய நாடி ஓர் ஆலிமிடம் சென்ற வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. தவ்பாவுக்குத் தடையில்லை என்று சொன்னதோடு அந்த ஆலிம் நிறுத்திக் கொள்ளவில்லை. சொந்த ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்ப வேண்டாம், நல்லடியார்கள் வாழும் ஊருக்குப் போய் அவர்களுடன் சேர்ந்து இறைவனை வணங்கு என்று வழி காட்டினார். தவ்பா உள்ளத்தில் பிறக்கிறது; அது நிலைக்க நல்ல அண்டை அயலார் வேண்டும். அந்த நல்ல ஊராக நம் தெரு இருக்கக் கூடாதா?

மது அருந்தியதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் ஏசியபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போக வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாகப் புகாரியில் காண்கிறோம்.

வீட்டுக்காரருக்கு அச்சம் இருப்பது இயல்பே. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, அக்குற்றம் நடக்கத் தம் வீட்டைத் தெரிந்தே விடுபவரைத் தண்டிக்கிறது. பழைய குற்றவாளிக்குக் குடியிருக்க வீடு கொடுப்பது குற்றமன்று. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்ய வேண்டுமென்பது 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அவ்வொப்பந்தத்திலேயே, போதைப்பொருள் வீட்டுக்குள் வரக் கூடாதென்று நிபந்தனை எழுதிக் கொள்ளலாம். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அவனுக்காகப் பொறுப்பேற்றுக் கொள்வது அதனினும் நல்லது.

வீடு தேடும் சகோதரருக்கும் கடமை உண்டு. கேட்காதவரிடம் பழைய பாவத்தைப் பறைசாற்ற வேண்டியதில்லை. கேட்டவரிடம் பொய் சொல்லலாகாது. பழைய சகவாசத்தை விட வேண்டும். போதைப் பழக்கம் விடவில்லையெனில், வெட்கப்படாமல் மருத்துவரிடம் போக வேண்டும். தொழுகையிலும் வாடகையிலும் தவணை தவறக் கூடாது. இவையே அவருக்கு நற்சான்று.

செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் தூய்மையாகிவிடும் என்பது நபிமொழி தரும் சட்டம். பேரணாம்பட்டு முதல் மேல்விஷாரம் வரை தோல் தொழிலில் வாழும் நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாற்றத்தோடு வரும் தோலை நாம் தூக்கி எறிவதில்லை, பொறுமையாகப் பதனிடுகிறோம். ஆதமுடைய மகனுக்கு அந்தப் பொறுமையை மறுக்கலாமா?

திருந்தியவருக்கு அடைக்கலமாகும் வீடுகளாக நம் வீடுகளை அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.