கப்பலுக்கு என்ன நிறம்?

"ஏம்மா, இது எந்தக் கப்பல்?" என்று பாட்டி கேட்டார். படத்தின் அடியிலேயே 'எஸ்.எஸ். ரஜூலா' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். பாட்டி எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி. ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்கு அருகில் வசிப்பவர். 1965-ஆம் ஆண்டு, பத்து வயதில், தம் தாயாருடன் பினாங்கிலிருந்து சென்னைக்கு அந்தக் கப்பலில்தான் வந்தார். பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் ஐவர் மூன்று நாள் பாடுபட்டுத் தீட்டிய படத்தை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நான் வந்த கப்பல் இது இல்லை" என்றார்.

எங்களுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் பிழை எங்களுடையதே. ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தோம். கருமையாகத் தெரிந்த கப்பலின் உடலுக்கு, கடலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கருநீலம் பூசினோம். புகைபோக்கிக்குச் சிவப்பு. அதன்மேல் தெரிந்த இரண்டு வெளிறிய கோடுகளை வெயில் பட்ட தடம் என்று எண்ணி விட்டுவிட்டோம்.

அந்த இரண்டு கோடுகள்தான் முக்கியமாம். ரஜூலா 1926-இல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தமாக இருந்து, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. கட்டிய காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக்குப் பிரயாணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அந்தக் கம்பெனியின் அடையாளமே, கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். உடலும் கறுப்பு, அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. பாட்டியின் தகப்பனார் வேலையின் பொருட்டுப் பினாங்கிலேயே தங்கிவிட்டார். "ரெண்டு வெள்ளைப் பட்டை போட்ட கப்பல் வரும், அதுல நான் வருவேன்" என்று மகளிடம் சொல்லி அனுப்பினாராம். சென்னைத் துறைமுகப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பட்டையைத்தான் தேடுவாராம் பாட்டி. ஐந்தாண்டுகள் கழித்து அதே கப்பலில் தகப்பனார் வந்து சேர்ந்தார். அப்படிப்பட்ட பட்டையை நாங்கள் வெயில் என்று விட்டிருக்கிறோம்!

அதன் பிறகுதான் நிறங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். அந்நாளில் ஒரு கப்பலைத் தொலைவிலிருந்தே இன்னாருடையது என்று புகைபோக்கியின் வண்ணத்தைக் கொண்டு சொல்லிவிடுவார்கள். டைட்டானிக்கைச் செலுத்திய ஒயிட் ஸ்டார் கம்பெனிக்கு மஞ்சட்காவி கலந்த வெளிர்நிறம், உச்சியில் கறுப்பு. குனார்டு கம்பெனிக்கு ஆரஞ்சு சாயல் கொண்ட சிவப்பு, உச்சியில் கறுப்பு, நடுவே மெல்லிய கறுப்பு வளையங்கள். உச்சிக்குக் கறுப்பு பூசினால் புகைக்கரி படிந்தாலும் தெரியாது. குனார்டின் சிவப்பை முதன்முதலில் காவிமண்ணையும் மோரையும் கலந்து தயாரித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கப்பலுக்கு மோரா என்று நாங்கள் சிரித்தோம்.

பழைய புகைப்படத்தை மட்டும் நம்பினால் ஏன் ஏமாறுகிறோம்? அக்காலத்துப் படச்சுருள்களிலும் கண்ணாடித் தகடுகளிலும் பல வகைகள் நீல ஒளியை நன்றாக உணரும், சிவப்பை உணரா. ஆகவே சிவப்புப் பொருள் படத்தில் கறுப்பாகவே விழும். இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். சிவப்புக் காகிதத்தில் கறுப்பு மையால் இரண்டு கோடு போட்டு, பரிசுப் பொருள் சுற்றும் நீலக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து அதன் வழியே பாருங்கள். காகிதம் இருண்டுபோகும், கோடுகள் ஏறக்குறைய மறைந்துவிடும். குனார்டு கப்பலின் வளையங்கள் பழைய படங்களில் தெரியாமற்போவது இதனால்தான். வண்ண அஞ்சலட்டைகளையும் முழுக்க நம்ப முடியாது. அவற்றுள் பல, கப்பலையே பாராத அச்சகத்தார் கறுப்பு வெள்ளைப் படத்தின்மீது சாயம் ஏற்றியவை. இன்று கணினி வண்ணமூட்டித் தரும் படங்களும் அந்த ரகமே. அதுவும் நம்மைப்போல ஊகிக்கத்தான் செய்கிறது.

ஆண்டையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே கப்பல் எப்போதும் ஒரே நிறத்தில் இருந்ததில்லை. போர்க்காலத்தில் பெரிய பயணக் கப்பல்களுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். குவீன் மேரிக்குச் 'சாம்பல் பேய்' என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. ரஜூலாவும் இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்தது. அதன் உடன்பிறப்பான ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் குண்டுவீச்சுக்கு இரையாகி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1973-இல் ரஜூலாவை ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கி, 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. நாங்கள் வரைய வேண்டியது 1965-ஆம் ஆண்டு ரஜூலா. ஆகவே கறுப்பு, வெள்ளை, நீர்மட்டத்துக்குக் கீழே செங்காவி. பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசும் மருந்துப் பூச்சில் செம்பின் ஆக்சைடு சேர்வதால், கப்பல்களின் அடிப்பகுதி பெரும்பாலும் சிவந்தே இருக்கும்.

படத்தை மீண்டும் தொடங்கினோம். புட்டியிலிருந்த கறுப்பை அப்படியே பூசியதும், கப்பல் அடுப்புக்கரித் துண்டு போலத் தோன்றியது. எங்கள் ஓவிய ஆசிரியை பார்த்துவிட்டு, "தொலைவில் இருக்கும் பொருளுக்கும் நமக்கும் இடையே காற்று இருக்கிறது அல்லவா? கறுப்பு கொஞ்சம் வெளிற வேண்டும்" என்றார். கறுப்புடன் ஒரு துளி வெள்ளையும் அதைவிடக் குறைவாக நீலமும் சேர்த்தோம். உடனே கப்பல் கடலுக்குள் போய் நின்றது. வெள்ளைப் பட்டையின் நிழற்பக்கத்துக்கு வெளிர் சாம்பல் தீட்டினோம். பட்டைகளை மட்டும் அளவுகோல் வைத்து மிகுந்த கவனத்துடன் போட்டோம்.

மறு வாரம் படத்தை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனோம். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புகைபோக்கியின்மேல் விரலை வைத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார்.

"எல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு புதுசா இருக்காதும்மா. நங்கூரம் தொங்கற இடத்துல துரு வழிஞ்சிருக்கும்."

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, செங்காவியில் தூரிகையைத் தொட்டு அதையும் வரைந்தோம்.