விறகு பிளக்கும் கோடாலி

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய இடத்தில் கொட்டில் போட்ட மறுநாளே விறகு தேடத் தொடங்குகிறது. சொந்த வளவில் நின்ற பனையும் தென்னையும் மட்டை, பாளை, பொச்சு என்று அடுப்புக்கு வேண்டியதைத் தந்துகொண்டிருந்தன. அவற்றைக் கொத்த ஒரு கத்தி போதுமாயிருந்தது. புதிய இடத்திலோ காட்டோரத்தில் கிடைக்கும் முழுக்கட்டைகளைத்தான் எரிக்க வேண்டியிருக்கிறது. முன்பு கோடாலி தொடாதவர்களும், குறிப்பாகத் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களும், அதைக் கையில் எடுக்கிறார்கள். எனவே கோடாலியைப் பாவிக்கும் முறையை இம்முறை பார்ப்போம்.

கோடாலியில் இரண்டு வகை உண்டு. மரம் தறிக்கும் கோடாலியின் அலகு மெல்லியது. அது நாரைக் குறுக்கே அறுக்கும். விறகு பிளக்கும் கோடாலியின் அலகு ஆப்பைப் போலத் தடித்தது. அது நாரை அறுப்பதில்லை, இரு பக்கமும் தள்ளிப் பிரிக்கும். இதன் தலை 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். இதற்குச் சவரக்கத்திக் கூர் தேவையில்லை. நம்மில் பெரும்பாலானோரிடம் இருப்பது மெல்லிய கோடாலி ஒன்றுதான். அதனால் பெரிய கட்டையை ஓங்கி அடித்தால் அலகு உள்ளே இறுகிவிடும். அப்போது பிடியைப் பக்கவாட்டில் முறுக்கக் கூடாது, பிடி முறியும். அலகு போன திசையிலேயே பிடியின் நுனியை மேலும் கீழுமாக அசைத்தால் கழன்று வரும்.

பிளக்கும் கோடாலி இல்லாதவர்கள் ஆப்பு வைக்கலாம். பனையைப் பிளந்து சிலாகை எடுப்பவர்கள் ஆப்பு வைத்தே பிளப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே முறைதான். காய்ந்த பாலைத் துண்டொன்றைச் சீவி ஆப்பாக்கி, கோடாலியால் தொடக்கிய வெடிப்பில் வைத்து, கனத்த மரக்கட்டையால் அடித்து இறக்குங்கள். கோடாலியின் பின்புறத்தால் இரும்பு ஆப்பை அடிக்க வேண்டாம். பிடி நுழையும் துளை விரிந்து, தலை ஆடத் தொடங்கிவிடும்.

ஆடும் தலை மிகவும் ஆபத்தானது. கொட்டில்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் கழன்று பறக்கும் தலை யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது. தலை ஆடினால் பலர் கோடாலியை இரவில் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். மரம் ஊதி அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னிலும் கூடுதலாகத் தளரும். பிடியின் மேல்நுனியில் புதிய ஆப்பு இறுக்குவதே சரியான வழி.

அடுத்தது அடிக்கட்டை. வெறும் நிலத்தில் வைத்து விறகு கொத்தினால் அலகு மண்ணிலும் கல்லிலும் பட்டு மழுங்கும். தவறிய அடி நேரே காலுக்கு வரும். முழங்காலுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் அகலமான கட்டையொன்றை இறுகிய தரையில் வையுங்கள். இறைச்சிக் கடைகளில் புளியமரக் கட்டை வைத்திருப்பது காரணத்தோடுதான். அது இலகுவில் பிளக்காது. விறகை அடிக்கட்டையின் நடுவில் வைக்காமல், உங்களுக்கு எட்டிய ஓரத்தில், அதாவது எதிர்ப்பக்கத்தில், வையுங்கள். அடி தவறினாலும் கோடாலி அடிக்கட்டையில் விழும்.

கால்களைத் தோளகலத்துக்கு விரித்து நேராக நில்லுங்கள். ஒரு காலை முன்னே வைக்க வேண்டாம். வலக்கையர் இடக்கையால் பிடியின் அடியையும், வலக்கையால் தலைக்குக் கிட்டவும் பிடித்து உயர்த்தி, இறக்கும்போது வலக்கையை அடிநோக்கி வழுகவிட வேண்டும். கோடாலி இறங்கும்போது முழங்காலைச் சற்று மடியுங்கள். அலகு உங்கள் பக்கம் வளைந்து வராமல் நேரே கீழே போகும். பலத்தால் அடிப்பதல்ல, குறிபார்த்து விடுவதுதான் இந்த வேலை. தலையின் நிறையே பிளக்கும். மெலிந்த ஒருவர் வெடிப்பைப் பார்த்து அடித்துப் பிளந்த கட்டையை, பலசாலி கணுவில் அடித்துக் களைத்துப் போவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

பெரிய கட்டையை நடுவில் தொடங்காமல், ஓரத்திலிருந்து பலகை பலகையாகக் கழற்றுங்கள். கணுவை ஊடறுக்காமல் அதன் பக்கமாக வெடிப்பு ஓட வேண்டும். சிறு துண்டுகளுக்கு ஓங்கவே தேவையில்லை: அலகை விறகின் நுனியில் பதித்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் தட்டினால் பிளக்கும். பழைய மோட்டார் சைக்கிள் ரயரொன்றை அடிக்கட்டையின்மேல் வைத்து அதற்குள் விறகை நிறுத்தினால் துண்டுகள் சிதறா. குனிந்து பொறுக்கும் வேலையும் குறையும்.

தொடங்குமுன் மேலே பாருங்கள். முகாம்களில் உடுப்புக் கொடியும் தறப்பாள் கயிறும் தலைக்கு மேலேயே ஓடுகின்றன. உயர்த்திய கோடாலி அதில் சிக்கினால் பின்பக்கமாக விழும். சாரத்தையோ சேலையையோ இறுக்கிக் கட்டுங்கள். பிள்ளைகள் பத்தடிக்கு அப்பால் நிற்கட்டும். காலில் வெட்டுப்பட்டால் கோப்பித்தூள் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்தி, காலை உயர்த்தி வைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஏற்பு ஊசி போடுவியுங்கள்.

புதிய இடத்து மரங்களை அறிந்தவரிடம் கேட்டறிவதும் அவசியம். களப்போரங்களில் நிற்கும் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். அதைக் கொத்தவும் எரிக்கவும் வேண்டாம். அலரியும் நச்சு மரம். 2009 இல் போர் முடிந்த பின்னும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடங்கள் நீண்டது. தலையோட்டுப் பலகைக்கு அப்பால் எவ்வளவு நல்ல விறகு கிடந்தாலும் அது உங்களுடையதல்ல. செல் விழுந்த இடத்து மரங்களில் இரும்புத் துண்டு புதைந்திருக்கலாம். பட்டையில் பழைய காயம் தெரிந்தால் அவ்விடத்தில் அடிக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் பிளப்பது ஏன்? முழுக்கட்டையை அடுப்பில் தள்ளி எரிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பச்சை மரத்தின் நிறையில் பாதியளவு நீராகவே இருக்கலாம். அந்த நீர் ஆவியாகும் வரை நெருப்பின் சூடு சோற்றுப் பானைக்குப் போகாது. புகையாக அடுப்படியில் இருப்பவரின் நெஞ்சுக்குள்தான் போகும். பட்டை மூடிய கட்டைக்குள் ஈரம் நீண்ட காலம் நிற்கும். பிளந்த முகத்தால் விரைவில் வெளியேறும். பெரும்பாலான மரங்கள் பச்சையாக இருக்கும்போதே இலகுவில் பிளக்கவும் செய்யும். ஆகையால் வெட்டிய கையோடு மணிக்கட்டுப் பருமனில் பிளந்து, சோளகக் காற்று வீசும் மாதங்களில் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் அடுக்கி முடியுங்கள்.

அடுக்கும்போது கீழே இரண்டு தடிகளைக் குறுக்கே போட்டு, நிலத்தில் முட்டாமல் வையுங்கள். தறப்பாளால் மேற்பக்கத்தை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள். இரவில் விறகெடுக்கப் போகும்போது கையை விடுமுன் தடியால் தட்டிப் பாருங்கள். புடையனுக்கும் அந்த இடம் பிடிக்கும்.