அப்பத்தா பேரு போதும்பொண்ணு

அக்காவுக்குப் பொண்ணு பிறந்து 4 மாசம் ஆகுது. இன்னும் பெயர் முடிவாகல. வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல தினமும் ஒரு லிஸ்ட் வருது. எல்லாமே 'ஷ', இல்லன்னா 'ஸ்ரீ'. ப்ராஜெக்ட் ரிவியூவை ஓரமா வச்சிட்டு நான் பெயர்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சது இதனாலதான்.

எங்க ஊர் நரிக்குடி. திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம், கருவேலமும் கண்மாயுமா கிடக்குற வானம் பார்த்த பூமி. பஸ் ஸ்டாப்ல நின்னு "கருப்பசாமி"ன்னு கூப்பிட்டா நாலு பேராவது திரும்புவாங்க. முத்திருளாயின்னா இருளப்பசாமி கும்பிடுற வீடா இருக்கும். முனியாண்டி, சோணை எல்லாம் இதே கதைதான். ஒரே பெயர் ஒரு வீட்ல திரும்பத் திரும்ப வர்றதுக்கும் காரணம் உண்டு. 'பேரன்'ங்கிற சொல்லே 'பெயரன்'தான், அதாவது தாத்தா பெயரைத் தாங்குறவன்.

அடுத்தது குப்பையாண்டி, குப்பாயி, பிச்சை, மூக்கன். ஸ்கூல்ல இந்தப் பெயர்க்காரங்களை நாம நல்லா ஓட்டியிருப்போம். (நானும்தான்.) ஆனா இந்தப் பெயர்களுக்குப் பின்னாடி சாவு இருக்கு. அடுத்தடுத்துக் குழந்தை தவறிப்போன வீட்ல, புதுசாப் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டுல போட்டு எடுப்பாங்க. இல்ல, தவிட்டைக் கொடுத்து 'விலைக்கு' வாங்குவாங்க. மூக்குக் குத்தி விடுவாங்க. 'இது ஒண்ணுக்கும் ஆகாதது, விட்டுட்டுப் போ'ன்னு எமனையே ஏமாத்துற வேலை. ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியும் இதைச் செஞ்சிருக்கார். ஒரு மகனை 'சுதே'ன்னு கூப்பிட்டார். தூக்கிப் போட்டதுன்னு அர்த்தம். அந்தக் குழந்தை இறந்துபோச்சு. 1593ல பிறந்த அடுத்த மகனுக்கு 'ஹிரோய்', கண்டெடுத்ததுன்னு வச்சார்.

எங்க அப்பத்தா பெயரும் இந்த வகைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்ல. அப்பத்தா நாலாவது பொண்ணு, அதனால 'போதும்பொண்ணு'. (அதுக்கப்புறமும் ரெண்டு பொண்ணு பிறந்துச்சு.) ரெண்டையும் 'கிராமத்து மூடநம்பிக்கை'ன்னு ஒரே மூட்டையில கட்டக் கூடாது. குப்பைன்னு பெயர் வச்சது பிள்ளை எப்படியாவது தங்கணும்னு. போதும்பொண்ணுன்னு வச்சது பொண்ணே வேணாம்னு. திருத்தணி பக்கம் நாராயணபுரத்துல நேராவே 'வேண்டாம்'னு வச்சிருக்காங்க. மகாராஷ்டிராவுல 'நகுசா'ன்னா அதே அர்த்தம்தான். அங்க சதாரா மாவட்டத்துல 2011 அக்டோபர்ல விழா நடத்தி, 285 பொண்ணுங்களுக்குப் புதுப் பெயர் கொடுத்தாங்க.

பழைய பெயர்னா இவ்வளவுதானான்னு கேட்டா, கீழடி இருக்கு. எங்க ஊர்ல இருந்து பஸ்ல போய்ட்டு வந்துடலாம். அங்க கிடைச்ச பானை ஓடுகள்ல தமிழி எழுத்துல 'ஆதன்', 'குவிரன்'னு கீறியிருக்கு. ஹாஸ்டல் பக்கெட்ல நாம மார்க்கர்ல எழுதுறோமே, அதே மாதிரி! ரெண்டாயிரம் வருஷம் தாண்டியும் 'ஆதன்' புதுசாத்தான் கேட்குது. சொல்றதுக்குச் சின்னது, வகுப்புல இன்னொரு ஆள் இருக்கவும் வாய்ப்பு கம்மி. ஆனா அக்காவுக்குப் பிறந்தது பொண்ணாச்சே.

பிறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணியாச்சு. பெயர் சேர்க்க 12 மாசம் வரைக்கும் கட்டணம் கிடையாது. அப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வயசு வரைக்கும் சேர்க்கலாம். அவசரப்படாதீங்கன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். போன வாரம் அப்பாதான் கேட்டார், "ஏன், ஆத்தா பேரையே வச்சுட்டா என்ன?"

அப்பத்தா வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னுச்சு: "எனக்கு வச்சதே போதும்யா."