குண்டடி பட்டால்தான் பென்ஷனா?

உடலில் குறையோடு பட்டாளத்திலிருந்து திரும்பியும் டிஸ்எபிலிட்டி பென்ஷன் கேட்காமலே இருந்துவிட்டவர்கள் நம் ஊர்களில் உண்டு. ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று யாரோ சொன்னதை நம்பியிருப்பார்கள். அது சலுகை அல்ல, உரிமை. அதைத் தடுத்துவைக்கும் ஐந்து தவறான நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: போரில் அடிபட்டவர்களுக்கு மட்டும்தான்.

உண்மை: போர்க்காயத்துக்கு உள்ள பென்ஷன் வேறு, அதன் தொகையும் கூடுதல். பணியின்போது நேர்ந்த விபத்து, பணியால் வந்த நோய், பணியால் முற்றிய நோய் ஆகியவற்றுக்கும் டிஸ்எபிலிட்டி பென்ஷன் உண்டு. லீவில் வந்தபோது நடந்த விபத்து என்றால், அதற்கும் ராணுவப் பணிக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டியிருக்கும்.

நம்பிக்கை 2: ‘பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை’ என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால் அவ்வளவுதான்.

உண்மை: தரம்வீர் சிங் 1985-இல் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்தார். வலிப்பு நோய்க்காக 1994-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம், பென்ஷன் மறுக்கப்பட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. போர்டு அதற்குக் காரணமும் எழுத வேண்டும். ஆகவே உங்கள் போர்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். காரணம் இல்லாமல் வெறும் முடிவு மட்டும் எழுதியிருந்தால், மேல்முறையீட்டுக்கு அதுவே வலுவான பிடி.

நம்பிக்கை 3: 20 சதவீத ஊனத்துக்கு என்ன பெரிதாக வந்துவிடும்?

உண்மை: 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000. அதில் 20 சதவீதம் 2,400 ரூபாய்தான். ஆனால் 50-க்குக் குறைவான ஊனத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. அப்போது அதே ஆளுக்கு 6,000 ரூபாய். பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம்பிக்கை 4: ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகிவிட்டது, இனி கேட்க முடியாது.

உண்மை: கேட்கலாம். பென்ஷன் மறுப்பு மாதந்தோறும் தொடரும் பாதிப்பு. ஆனால் தர்செம் சிங் வழக்கின் 2008 தீர்ப்புப்படி, பழைய நிலுவை பொதுவாக வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கைநழுவுகிறது.

நம்பிக்கை 5: ஏஜெண்டுக்குப் பங்கு எழுதிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

உண்மை: வரப்போகும் பென்ஷனை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி செல்லாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே வழி கேட்கலாம். துறை மேல்முறையீட்டிலும் பலன் இல்லையென்றால், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணியிலிருந்து வந்தவர்களுக்குப் புதிய விதிகள் பொருந்தும். அவர்கள் அவற்றின்படி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, மெடிக்கல் போர்டு அறிக்கை, மறுப்புக் கடிதம் ஆகிய நான்கையும் ஒரு ஃபைலில் வையுங்கள். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் அவரை இந்த வாரமே நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் கேட்பது தானமல்ல. நாட்டுக்காக உடலைக் கொடுத்தவருக்கு நாடு தர வேண்டிய பாக்கி.